மகனுக்கு வயது 16, அவன் கூட்டாளிக்கு 78

குமரி மாவட்டம் கல்குளம் வட்டத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்துக்கு உளவியல் ஆலோசகர் தரும் பதில் இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கடிதத்தின் சுருக்கம்

இவருடைய மகன் குறைமாதத்தில் பிறந்தவன். மூளை முடக்குவாதம் இருக்கிறது, சக்கர நாற்காலியில் இருக்கிறான். இடது கை மடங்கியே இருக்கும், வலது கை ஓரளவு சொன்னபடி கேட்கும். பேசுவான், ஆனால் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சட்டென்று புரியாது. சிறு வயதில் வலிப்பு வந்ததால் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது பதினொன்றாம் வகுப்பு. அப்பா வளைகுடாவில் வேலை செய்கிறார், அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், பள்ளி ஆட்டோ அவனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அம்மா ஆலையிலிருந்து வந்து சேரவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வழியில் போன ஒருவரையும் கூப்பிட்டு, நாற்காலியோடு அவனைத் தூக்கித் தன் வீட்டுப் படிப்புரையில் (திண்ணையில்) ஏற்றி, துண்டால் தலை துவட்டிவிட்டிருக்கிறார். வில்லுப்பாட்டுக் குழுக்களில் நாற்பது வருடங்களுக்கு மேல் உடுக்கை அடித்தவர் அவர். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் பையன் அங்கேதான். பெரியவருக்குக் கண்புரை, தன் பழைய பாட்டு நோட்டுகளைத் தானே படிக்க முடியவில்லை. பையன் அந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஒற்றை விரலால் தட்டச்சும் செய்து வைக்கிறான். குழு ஒத்திகைக்கு உட்காரும்போது, கதை பாடும் புலவர் ஒவ்வொரு அடி சொல்லி முடிக்கும்போதும் மற்றவர்களோடு சேர்ந்து "ஆமா" போடுகிறான்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், வரும் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வில்லுப்பாட்டுக் குழுவோடு வில்லில் உட்கார வேண்டும் என்று பையன் அடம்பிடிக்கிறான். "கிழவனோடு என்ன சகவாசம், நிறுத்து" என்கிறார் அப்பா. கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பம், இசக்கியம்மன் கோயிலில் போய் உட்காரலாமா என்று நாத்தனார் கேட்கிறார். மாலைப் பயிற்சி விட்டுப்போகிறது என்று பிசியோ செய்பவர் கோபிக்கிறார். உடுக்கையைப் பையனுக்குக் கொடுக்கப்போவதாகப் பெரியவர் சொன்னதில் அவருடைய மகனுக்கு வருத்தம். இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்ற பயம் அம்மாவுக்கும் இருக்கிறது. பெரியவருக்கு நெஞ்சு வலி வந்து ஒருமுறை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நாளை அவர் போய்விட்டால் பையன் என்ன ஆவான்? இந்தப் பழக்கத்தை இப்போதே மெதுவாகக் குறைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஐந்து பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் சொன்னது, நாத்தனார் சொன்னது, பிசியோ சொன்னது, எதிர்வீட்டுக்காரர் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் மகன் என்ன சொன்னான் என்று தேடிப் பார்த்தேன். அவன் வார்த்தையாகவே கிடைத்தது ஒரே ஒரு சொல், "ஆமா". அதுவும் கதைக்காக அவன் சொன்னது. இதைக் கடைசியில் பேசுவோம்.

நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில்: குறைக்க வேண்டாம். ஆனால் இதுவரை போடாமல் விட்ட சில கட்டுப்பாடுகளை இந்த வாரமே போடுங்கள். பழக்கம் நல்லதாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கடிதத்தில் ஒரு இடத்தில், "அவர் என் பையனை 'வாரும்வே, நேரமாச்சு' என்று கூப்பிடுகிறார், கிண்டல் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்த மாவட்டத்துக்காரிதான். நாஞ்சில் நாட்டில் ஒருவரை "வே" என்று யார் எப்போது சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள். தன்னோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசுகிற ஆம்பிளையிடம்தான் சொல்வார்கள். உங்கள் மகனை இன்னும் "குட்டி" என்றுதான் ஊர் கூப்பிடுகிறது. பதினாறு வயதில், மீசை அரும்பிய பிறகும், ஆட்டோக்காரர் கன்னத்தைக் கிள்ளுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனை "வே" என்று அழைத்த முதல் மனிதர் இந்தப் பாட்டாவாகத்தான் இருக்க வேண்டும். மழையானாலும் அவன் அங்கே போகத் துடிப்பதற்கு இதுவே போதும்.

"உடம்பு வளர்ந்தாலும் அவன் மனசு குழந்தைதான்" என்ற உங்கள் வரியையும் திருத்த வேண்டியிருக்கிறது. மூளை முடக்குவாதம் என்பது அடிப்படையில் உடல் அசைவையும் நிலையையும் பாதிப்பது. சிலருக்கு அதோடு அறிவுத்திறன் குறைபாடும் இருக்கும், பலருக்கு இருக்காது. பேசுவதில் உங்கள் மகனுக்குச் சிரமம் உதட்டிலும் நாக்கிலும் தாடையிலும் உள்ள தசைகளில்தான். அவன் பதினொன்றாம் வகுப்புப் பாடம் படிக்கிறான், கையெழுத்துப் புரியாத பழைய நோட்டிலிருந்து சொல் பிரித்து எழுதுகிறான். பேச்சு குழறுகிறது என்பதற்காக யோசனையும் குழறும் என்று நினைத்துவிடுகிறோம். இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான், பார்த்ததெல்லாம் பாசமான வீடுகளில்.

"அந்த வயதில் அவருக்கு இந்தப் பையன் எதற்கு?" என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கொடைகளில் வில்லுக்கு இருந்த இடத்தை மேடைக் கச்சேரிகள் பிடித்துக்கொண்டன. பாட்டாவின் பேரப்பிள்ளைகள் அந்த நோட்டுகளைத் தொடுவதில்லை. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த சொற்களை, ஒரு பையன் போன் திரையில் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறான். கை நடுங்கும்போது நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை முட்டுக் கொடுத்துக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இதில் யார் யாருக்கு உதவுகிறார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரியவர் உங்கள் மகனுக்குத் தர்மம் செய்கிறார் என்று நினைப்பதால்தான் "நன்றிக்கடன் ஏறுகிறதே" என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் தேவையில்லை.

பாதுகாப்பு: இதில் மரியாதை பார்க்காதீர்கள்

உங்கள் பயம் நியாயமானது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 3.7 மடங்கு என்று காட்டியது. தப்பி ஓட முடியாத, நடந்ததைச் சொன்னாலும் பிறருக்குப் புரியாத பிள்ளையைத்தான் கெட்ட எண்ணமுள்ளவர்கள் தேடுவார்கள். பெரியவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குச் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல என்னால் முடியாது, நேரில் பார்த்தும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஆளை எடைபோடுவதை விட்டுவிட்டு ஏற்பாட்டைச் சரிசெய்யுங்கள். நல்ல மனிதர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உட்காருவது படிப்புரையில், தெருவுக்குத் தெரியும்படி இருக்கட்டும். உள் அறையில் வேண்டாம். கழிப்பறைக்குக் கொண்டுபோவது, உடை மாற்றுவது, தூக்கி இறக்குவது எல்லாம் வீட்டார் வேலை. பள்ளியிலிருந்து கிளம்பும் முன் ஒருமுறை, 5.30-க்கு நீங்கள் வந்ததும் ஒருமுறை என்று பழக்கிவிட்டால் நடுவில் தேவை வராது. இன்னொன்று, நீங்கள் பெரியவரை மட்டும் நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அவரைவிட ஒத்திகைக்கு வந்துபோகும் மற்றவர்களைப் பற்றித்தான் கவலை. அந்த நாட்களில் நீங்களும் கூட இருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், "வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி இருப்பது. யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றால் காட்ட ஒரு கை ஜாடை, போனில் உங்களுக்கு உடனே போகிற ஒரு குறி, இரண்டையும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உடம்பின் பகுதிகளுக்கு உரிய பெயர்களை அவன் கூச்சமில்லாமல் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012 பொருந்தும். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அவன் போனிலும் பதிந்து வையுங்கள்.

உடம்பு சம்பந்தமாக

பிசியோ செய்பவர் சொல்வதில் பாதி சரி. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இனி அதிகமாகாது, ஆனால் எலும்பு வளரும் வயதில் இறுகிய தசையை நீட்டிவிடாமல் விட்டால் மூட்டு மடங்கிப் போகும். ஆகவே பயிற்சியை விடக் கூடாது. மாலையில்தான் செய்ய வேண்டும் என்றில்லையே. காலையில் குளிப்பாட்டிய பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது செய்தால் தசை இன்னும் நன்றாக இளகும். "நன்றாகப் பயிற்சி செய்தால் ஒருநாள் எழுந்து நடந்துவிடுவான், இந்தப் பாட்டு அதைக் கெடுக்கிறது" என்று உங்கள் கணவர் நினைப்பதாகத் தெரிகிறது. பதினாறு வயதுவரை தனியாக நடக்காத பிள்ளைக்கு அப்படி நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை. பயிற்சி தேவைப்படுவது வலி இல்லாமல், மூட்டு இறுகாமல், வசதியாக உட்காருவதற்கு.

ஒத்திகையில் எல்லோரையும்போல ஜமக்காளத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லி, சுவரில் தலையணை வைத்து அவனைச் சாய்த்து உட்காரவைக்கிறார்கள் என்றீர்கள். இரவில் இடுப்பு வலிக்கிறது என்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றே நிறுத்துங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும் ஆபத்து உண்டு. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அவன் நாற்காலியிலேயே இருந்து "ஆமா" போடட்டும்.

கட்டன் சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் கொடுக்கிறார், சில நேரம் புரைக்கேறுகிறது என்றீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு மடக்கு இறங்கிய பிறகு அடுத்தது என்று எப்படிக் கொடுப்பது என்பதைப் பெரியவருக்கும் அவர் மருமகளுக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். அடிக்கடி புரைக்கேறினால் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். "ஆமா" என்ற சொல் மட்டும் அவன் வாயில் தெளிவாக வருகிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். தாளத்தோடு சேரும்போது சிலருக்குப் பேச்சு எளிதாக வருவது உண்மைதான். ஆனால் உடனே அதைப் பேச்சுப் பயிற்சியாக மாற்றி, "இன்று பாட்டாவோடு எத்தனை சொல் பேசினாய்" என்று கணக்குக் கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்து அவன் செய்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மதிப்பெண் போடும் பயிற்சியாகவே இருந்திருக்கிறது. அந்தப் படிப்புரை அப்படி ஆகிவிட வேண்டாம்.

கொடையில் உட்காருவது

இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. மாலையில் எதிர்வீட்டுக்குப் போவது வேறு, அம்மன் சன்னதி முன் வில்லில் உட்காருவது வேறு. இரண்டாவது பிடிக்கவில்லை என்பதற்காக முதலாவதை நிறுத்த வேண்டியதில்லை. விசுவாசம் பற்றி முடிவு சொல்லும் இடத்தில் நான் இல்லை. அதை நீங்களும் கணவரும் மகனும் சேர்ந்து பேசுங்கள், வேண்டுமானால் உங்கள் போதகரிடமும் கேளுங்கள். இதே வில்லில் வேதாகமக் கதைகளும் பாடப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் நாத்தனாருக்குச் சொல்லலாம்.

போகலாம் என்று முடிவானால், விடிய விடிய வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். பாட்டின் தொடக்கப் பகுதிகளான காப்பு, அவையடக்கம், நாட்டு வளம் வரை இருந்துவிட்டுக் கதை சூடுபிடிக்கும் முன் வீட்டுக்கு வரட்டும். மாத்திரை நேரம் தவறக் கூடாது. அவன் முகம் சுளிப்பான். கதையின் முக்கியமான கட்டத்தைக் கேட்காமல் வருவது யாருக்கும் கஷ்டம்தான். ஒத்திகை நாளில் அந்தக் கட்டத்தை முழுதாகப் பாடச் சொல்லிக் கேளுங்கள், பாட்டா மறுக்கமாட்டார்.

உங்கள் கணவர், "பையனைக் காட்டி இரக்கம் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார். அப்படி நடக்கக்கூடியதுதான். அதனால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: ஒலிபெருக்கியில் அவன் நிலைமையைச் சொல்லி அறிமுகம் கூடாது, அவன் பேரைச் சொல்லிக் காசு கேட்கக் கூடாது. குழுவில் மற்றவர்களுக்குச் சன்மானம் உண்டென்றால் அவனுக்கும் பங்கு உண்டு, அது அவன் கையில் வர வேண்டும். உடுக்கையைக் கொடுப்பது பற்றி: அசையும் பொருளை அன்பளிப்பாகத் தரப் பத்திரம் தேவையில்லை, கையில் கொடுத்தாலே போதும். ஆனாலும் பெரியவரின் மகனை வைத்துக்கொண்டே கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அது அப்பாவின் உடுக்கை.

இன்னும் இரண்டு வருடத்தில்

"நான்தான் கார்டியன், எப்போதும் நான்தான் முடிவு எடுப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படி இல்லை. 18 முடிந்ததும் அவன் மேஜர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்திருப்பது, வங்கிக் கணக்கு போன்றவற்றில் அவனுக்கும் மற்றவர்களைப் போன்ற உரிமை உண்டு என்கிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூலம் காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு. தட்டச்சு செய்து தன் கருத்தைச் சொல்லக்கூடிய உங்கள் மகனுக்கு அது தேவையா என்று நிதானமாக யோசியுங்கள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்கிறோமே, அதுபோல முடிவெடுக்கவும் ஒரு துணை போதும். யாரோடு பழகுவது என்பதை அவனே முடிவு செய்யப்போகும் நாள் தூரத்தில் இல்லை. அதற்கு இந்த இரண்டு வருடம் பழகிக்கொள்ளட்டும், நீங்களும்தான்.

பாட்டா போய்விட்டால்

கடிதத்தில் உங்கள் கையெழுத்து மாறியிருந்த இடம் இதுதான். உங்கள் அம்மா இறந்தபோது, பயப்படுவான் என்று மகனை உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கூட்டிவந்தீர்கள். அதுவரை "பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று சொல்லியிருந்தீர்கள். வந்தவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. "அவனால் மரணத்தைத் தாங்க முடியாது" என்று அதிலிருந்து நீங்கள் முடிவு செய்துகொண்டீர்கள்.

எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பாட்டி போனது ஒரு துக்கம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தன்னிடம் மட்டும் மறைத்தார்கள், கடைசியாக முகம் பார்க்க விடவில்லை என்பது இன்னொரு துக்கம். அவன் சாப்பிடாமல் கிடந்தது இரண்டாவதற்காகவும் இருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அழுதுகொண்டே அடக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள்.

இந்த முறை மறைக்காதீர்கள். பாட்டாவுக்கு நெஞ்சில் என்ன கோளாறு, என்ன மருந்து என்பது அவனுக்குத் தெரியட்டும். மருத்துவமனையில் சேர்த்தால் பார்க்கக் கூட்டிப்போங்கள். ஒருநாள் அது நடந்தால் அன்றே சொல்லுங்கள், "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றெல்லாம் சொல்லாமல். துக்க வீட்டு வாசலில் அவன் நாற்காலி நிற்க இடம் கேட்டு வாங்குங்கள். அவன் அழுவான், பல நாள் அழுவான். இப்போதே பழக்கத்தைக் குறைத்தால் மட்டும் அந்த அழுகை குறையாது. இருக்கும்போதே பிரித்துவிட்டார்கள் என்ற கோபமும் சேர்ந்துகொள்ளும்.

அதுவரை செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சு வலி வந்தவர் என்பதால் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். கண் தெளிந்தால் பையன் தேவைப்படமாட்டான் என்று பயப்பட வேண்டாம், பல்லாண்டு நோட்டுகள் தட்டச்சு ஆகாமல் இருக்கின்றன. நலிந்த மூத்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத நிதியுதவி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை உங்கள் மகனே நிரப்பலாம். பாட்டாவின் குரலையும் உடுக்கையையும் போனில் பதிந்து, இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும்.

இனி அவனிடம்

சரி, ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பாடு ஆன பிறகு, அவசரம் இல்லாத ஒரு நேரத்தில் மகன் எதிரில் உட்காருங்கள். முடிந்தால் அப்பாவும் போனில் இருக்கட்டும். "பாட்டாகிட்ட போறது உனக்கு ஏன் பிடிச்சிருக்கு? அங்க உனக்குப் பிடிக்காதது ஏதாவது இருக்கா? கொடைக்கு நீ என்ன நினைக்கிற?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாயால் சொல்லட்டும், இல்லையென்றால் தட்டச்சு செய்யட்டும். ஒரு வரிக்கு அவனுக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். பாதி வாக்கியத்தில் புரிந்துவிட்டாலும் மீதியை நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள், அப்பாவையும் முடிக்க விடாதீர்கள்.

அவன் எழுதியதை ஒரு எழுத்துகூடத் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். அடுத்த பதிலை அவனுக்கே எழுதுகிறேன்.